உயரமாகக் காட்ட, தரையில் படுங்கள்!

கேள்வி: ஃபேஷன் படத்தில் விளையாட்டு வீரரை விசுவரூபமாகக் காட்ட என்ன வழி?

பதில்: நீங்கள் தரையோடு தரையாகப் படுத்துவிடுவதுதான்! 1984-இல் 'லைஃப்' இதழுக்காக கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானைப் படமெடுத்த கோ ரென்ட்மீஸ்டர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் நெதர்லாந்துக்காகத் துடுப்பு வலித்தவர். உடம்பின் வலிமை அறிந்தவர். ஜோர்டானைப் புல்மேட்டில் பாலே நடனக்காரர்போல் தாவவைத்து, கேமராவைத் தாழ வைத்தார். பின்னால் விரிந்த வானம். அளந்து பார்க்க மரமோ கட்டடமோ இல்லாததால் தாவியவர் பறந்தார்! வலுவான ஃபிளாஷ் உருவத்தைக் கூராக்கியது.

அகலக் கோண லென்ஸ், அருகிலிருப்பதைப் பெரிதாக்கும். ஷூ எடுப்பாகத் தெரிய கேமராவைக் காலருகே வையுங்கள். உடை தெரிய இடுப்புயரம் போதும். மோவாயைச் சற்றே தாழ்த்தச் சொல்லுங்கள். மறந்தால், மூக்குத் துவாரங்களுக்குத்தான் தங்கப் பதக்கம்!