கேட்டதெல்லாம் கிடைத்த காலம்

பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் சாமியிடம் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. பஸ்ஸில் உட்கார ஓர் இடம், ஆடிட் வராத ஒரு வருடம், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கிளார்க்காகக் குப்பை கொட்டிய நானும் ஆண்டாளிடம் இவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 2020இல் அவள் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துத் தீர்த்தாள்.

அதற்கு முன்பெல்லாம் மில் சங்குதான் எங்கள் வீட்டுக் கடிகாரம். சங்கு ஊதினால் அடுப்பு, குளியல், டிபன் பாக்ஸ், பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை கம்பியைப் பிடித்துத் தொங்கல்தான். கொரோனாவுக்காக மார்ச் 17 அன்று பள்ளிகளை மூடினார்கள். 24ஆம் தேதி மாலை 144 தடை உத்தரவு வந்தது. மில்லும் நின்றது, சங்கும் நின்றது. மில்லிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் நான் காலையில் செய்யும் வேலையை முழுசாக உட்கார்ந்து பார்த்தார். “இவ்வளவையும் முடிச்சிட்டா தினமும் பஸ்ஸுக்கு ஓடுன?” என்றார். ஆச்சரியப்பட்டதோடு சரி, பதினொரு மணி டீ அவருக்குப் பதினொரு மணிக்கே வந்தாக வேண்டும்.

ஜூனில் பஸ் விட்டார்கள். ஆட்களை அளவாகத்தான் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. ஜன்னலோரத்தில், இரண்டு பேர் சீட்டில் நான் ஒருத்தி. ஆசைப்பட்ட இடம்தான். ஆனால் பக்கத்தில் யாராவது தும்மினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாமா என்றிருந்தது. ஜூலையில் அதுவும் நின்றுபோய், வீட்டுக்காரரின் டிவிஎஸ் 50தான் எனக்கு அரசுப் பேருந்து.

அப்புறம் அந்தத் தேர்ச்சி. மார்ச் 27இல் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளித்தள்ளி ஜூன் 15க்கு வந்து, ஜூன் 9 அன்று ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கு. காலாண்டு விடைத்தாளை யார் மதித்தார்கள்? பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்களோ இல்லையோ, பழைய பேப்பர் கடைக்குப் போனது அதிகம். இப்போது அதுதான் தலையெழுத்து. பீரோ மேல், பெஞ்சுக்கு அடியில், லேபில் என்று கட்டுக்கட்டாகத் தேடினோம். வருகைப் பதிவேட்டை நான் அவ்வளவு பயபக்தியோடு தொட்டதே இல்லை. ஆகஸ்டில் முடிவு வந்தது: தமிழ்நாடு முழுக்க நூறு சதவீதம். வழக்கம்போல ஃப்ளெக்ஸ் அடிக்கலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். ஆபீஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் இந்தத் தொல்லையும் இல்லை. மதிப்பெண்ணே கிடையாது, சான்றிதழில் ‘தேர்ச்சி’ என்ற சொல் மட்டும்தான்.

சத்துணவுக்குத் தட்டோடு நிற்கும் பிள்ளைகளுக்குப் பதிலாக, சுண்ணாம்பு வட்டத்துக்குள் அம்மாக்கள் பையோடு நின்றார்கள். அரிசி, பருப்பு, வேகாத முட்டை. சத்தமில்லாத பள்ளிக்கூடம் வேண்டும் என்று நான் அடிக்கடி புலம்பியதுண்டு. பிள்ளைகள் இல்லாத வராண்டாவில் டைப் அடிக்கும் சத்தம் எனக்கே எரிச்சலாக இருந்தது. சுற்றறிக்கைகள் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம்தான் என்று இங்கே சின்னப்பிள்ளையும் சொல்லும். அந்தக் கோபுரம் போனில் நாளெல்லாம் தரிசனம் தந்தது. நிஜக் கோபுரத்தின் கதவு சாத்தியிருந்தது. ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடவில்லை.

வேண்டாமலே கிடைத்த வரம் ஒன்றும் உண்டு. 2020 ஜூனோடு எனக்கு 58 முடிந்து ஓய்வு. பிரிவு உபசார விழாவுக்கு வசூல் செய்து, பித்தளைக் குத்துவிளக்குகூட வாங்கிவிட்டார்கள். மே 7ஆம் தேதி ஓய்வு வயது 59 என்று அறிவிப்பு வந்தது. விளக்கு பீரோவுக்குள் போனது. மறுவருடம் வெளியே எடுத்துத் துடைக்கலாம் என்றிருந்தபோது, 2021 பிப்ரவரியில் 60 ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கீழே பதவி உயர்வுக்குக் காத்திருந்த பதிவறை எழுத்தர் தம்பி, “உங்களுக்கு நல்லதுதான்க்கா” என்று சொன்ன தொனியை இன்னும் மறக்கவில்லை. இருக்கிறவர்களுக்கு வேலை நீண்டது; வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கு வயது ஏறியது. அரசுக்கு ஓய்வூதியப் பணத்தை அப்போதைக்குத் தள்ளிப்போட முடிந்தது என்று ஆபீஸில் எல்லோருமே பேசிக்கொண்டோம்.

2021 மே 8 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். மே 10 முதல் முழு ஊரடங்கு, பஸ்ஸே இல்லை. ரயிலோ வேறு மாதிரி. பத்து ரூபாய் பாசஞ்சர், திரும்ப ஓடத் தொடங்கியபோது எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாறி, முப்பது ரூபாய் ஆகியிருந்தது. நின்ற நிறுத்தங்களும் அதேதான், வேகமும் அதேதான். 2024இல்தான் பழைய கட்டணத்துக்கு இறங்கினார்கள்.

2022 ஜூன் கடைசியில் அந்த விளக்கை ஒருவழியாக வாங்கிக்கொண்டு வந்தேன். ஆகஸ்ட் 1 அன்று ஆடிப்பூரத் தேர் ஓடியது. கூட்டத்தில் நிற்க இடமில்லை. முகக்கவசம் போட்டவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு சேதி மட்டும். 2020இலும் 2021இலும் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சிலர் அசல் சான்றிதழை இன்னும் வாங்காமல் இருப்பதாக அந்தப் பதிவறை எழுத்தர் தம்பி சொல்கிறார். தேர்வு எழுதாத வருடம்தானே என்று கூச்சப்பட வேண்டாம். செல்லாத சான்றிதழ் இல்லை அது. படித்த பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.