தரிப்பிடவியல் நோக்கில் மொன்றியல்: இரண்டரை நாள் சுற்றுலாத் திட்டங்கள் குறித்த ஓர் ஆய்வு

ஸ்காபரோவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று நீண்ட வார இறுதியில் மொன்றியல் பார்க்கப் புறப்படுவது வரலாற்றுக் காலந்தொட்டு நிகழ்ந்துவருவதாகும். வரலாற்றுக் காலம் என்று இங்கு சுட்டப்படுவது இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிந்தியது. தூரம் ஏறத்தாழ 540 கிலோமீற்றர். கியூபெக் எல்லையைத் தாண்டியதும் 401ஆம் நெடுஞ்சாலை 20 என்று எண்ணை மாற்றிக்கொள்கிறது. இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எதுவும் இல்லாததால் இது ஆய்வுக்கு உதவாது.

ஆய்வுக் களம் மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி, வழக்கில் என்.டி.ஜி. ஷேர்புரூக் வீதிக்கு வடக்கே ஒரு மாடி வீடு. விருந்தினர் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பர்.

மூல பாடங்கள் யாவும் வாட்ஸ்அப் குழுவில் குரலேடுகளாகக் கிடைக்கின்றன. அவற்றுள் தொன்மையானது: "பாக்கிறதைப் பிறகு பாப்பம், புட்டை அவிச்சுக்கொண்டு வாறதோ, அங்க வந்து அவிக்கிறதோ?" (பெரிய மாமி, குரலேடு, வெள்ளி இரவு). இதே கருத்தைச் சின்ன மாமியும் வலியுறுத்துகிறார் (சின்ன மாமி, மேலது, பின்னணியில் மிக்ஸி ஓசை). சின்ன மாமி பெரிய மாமியிடம் கேட்டே சொன்னார் என்பதும், பெரிய மாமி தம் கூற்றுக்குச் சின்ன மாமியையே சான்று காட்டினார் என்பதும் பின்னர் தெரியவந்தது. பல்கலைக்கழகங்களில் இம்முறை நன்கு நிலைபெற்றிருப்பதால் நாமும் ஏற்றுக்கொண்டோம்.

இனிப் பார்க்கத்தக்க இடங்களின் பாகுபாடு.

ஏறுவன: தனியே விரிக்கப்படும்.

தின்பன: பேகல். தேன் கலந்த நீரில் அவித்து விறகடுப்பில் சுடுவது. பெரிய மாமி இதனை 'ஓட்டைப் பணிஸ்' என வகைப்படுத்துகிறார்.

ஓடும் காரிலிருந்து காட்டப்படுவன: ஒலிம்பிக் அரங்கு (1976), டெக்காரி வீதியில் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் தோடம்பழ உருண்டைக் கடை, வீதியெங்கும் செம்மஞ்சள் கூம்புகள்.

மறைத்துக் கூறப்படுவன: கசினோ. 1967 உலகக் கண்காட்சியில் பிரான்சின் மண்டபமாக நின்ற கட்டடத்தில் 1993 முதல் இயங்குகிறது. மாமிமார் அருகிலிருக்கையில் 'அந்தக் கட்டடத்தை ஒருக்காப் பாத்திட்டு வாறம்' என்று வழங்கும்.

ஏறுவனவற்றுள் தலையாயது புனித சூசையப்பர் ஆலயம். என்.டி.ஜி.க்கு அடுத்தாற்போல், குயின் மேரி வீதியில், மவுண்ட் ரோயல் குன்றின் சரிவில் நிற்கிறது. 1904இல் சகோதரர் அந்திரே ஒரு சிற்றாலயத்துடன் தொடங்கினார். பெருங்கோயிலின் வேலை 1924இல் தொடங்கி 1967இல் முடிந்தது. 283 படிகள், அவற்றுள் 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறுவோருக்கென ஒதுக்கப்பட்டவை. விட்டுச் செல்லப்பட்ட ஊன்றுகோல்கள் உள்ளே சுவரோரம் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. அங்கு பேணப்பட்ட சகோதரரின் இதயம் 1973இல் களவு போய், அடுத்த ஆண்டு திரும்பக் கிடைத்தது. குன்று கண்டால் முருகனைத் தேடும் சைவக் குடும்பங்கள் இங்கு மெழுகுதிரி கொளுத்தி, திருநீற்றுக்குக் கை நீட்டாத குறையாக நின்று திரும்புவது ஏன்? சமய நல்லிணக்கம் என்பர் ஒரு சாரார். மலைவழிபாட்டின் எச்சம் என்பர் பிறர். இரண்டும் பிழை. அங்கே வளாகத்துக்குள்ளேயே கார் விட இடம் இருக்கிறது. ஏறத்தாழ எல்லாத் திட்டங்களிலும் சூசையப்பர் முதலிடம் பெறுவதற்கும், பழைய துறைமுகம் 'நேரமிருந்தா' என்ற அடைப்புக்குறிக்குள் ஒடுங்குவதற்கும் இதுவே காரணம்.

இதனால் நாம் முன்வைக்கும் கோட்பாடு: சுற்றுலாத் திட்டம் என்பது தரிப்பிடங்களின் பட்டியல், காட்சிகள் அவற்றின் அடிக்குறிப்புகள்.

கோட்பாட்டை நிறுவ என்.டி.ஜி.யின் கம்பச் சாசனங்களை, அதாவது கார் தரிப்பு விதித் தகடுகளை, ஆராய்வது இன்றியமையாதது. 1977இன் பிரெஞ்சு மொழிச் சட்டத்துக்குப் பின் இவை பிரெஞ்சில் மட்டுமே பொறிக்கப்படுவன. ஒரு கம்பத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று தகடுகள் இருக்கும் என வைத்துக்கொள்வோம். மேல்தகடு வீதி கூட்டும் நேரத்தில் காரை விடாதே என்கிறது. ஏப்பிரல் முதலாந் திகதி தொடங்கி டிசம்பர் முதலாந் திகதி வரை செல்லும். நடுத்தகடு அனுமதிச்சீட்டு உள்ள குடியிருப்பாளர் தவிர்ந்தோரை விலக்குகிறது. கீழ்த்தகடு பள்ளி நாட்களைப் பற்றியது. ஒவ்வொன்றிலும் ஓர் அம்பு. மேலிரண்டும் இடப்பக்கம், கடைசி இருபக்கமும். சோழர் மெய்க்கீர்த்திகளை விளக்கில்லாமல் படிக்கும் நம் சாசனவியலாளர் எவரையும் ஓடும் காரில் அமர்த்தி, பின்னால் ஒருவன் ஹோன் அடிக்க, இதனைப் படிக்கச் சொல்க. அம்பு காலத்தைச் சுட்டுகிறதா இடத்தைச் சுட்டுகிறதா என்பதில் மட்டும் மூன்று பட்டங்கள் வழங்கலாம்.

பாடச் சிக்கல் ஒன்றை இங்கு விளக்குவது தகும். மேல்தகட்டின் 'மார்' என்ற குறுக்கத்தை மார்ச் மாதம் எனக் கொண்டார் சித்தப்பா. "இப்ப ஆடி மாசம், பயமில்லை, விடு" என்பது அவர் உரை. உரை நயமானதே. ஆனால் 'மார்' செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும்; வார இறுதி நீண்டு நீண்டு அன்று செவ்வாய்க்கிழமையாகியிருந்தது. மறுப்புரை கார்க் கண்ணாடித் துடைப்பானின் அடியில் மடித்துச் செருகப்பட்டிருந்தது. அதன் கீழே தொகையும் எழுதப்பட்டிருந்தது.

இதன்பின் சித்தப்பா பள்ளி ஒன்று தோன்றி, ஆவணங்கள் பெருகின. அவற்றுள் சிறந்தது பதிப்பிக்கப்படாத ஒரு வரைபடம்: டிம் ஹோர்ட்டன்ஸ் கைதுடைப்பான், குமிழ்முனைப் பேனா, கிங்ஸ்டனில் கழிவறைக்கு நின்றபோது அத்தானின் மருமகன் வாய்மொழியாகச் சொல்ல அத்தான் வரைந்தது, தென்மேற்கு மூலை தேத்தண்ணியால் சிதைவு, ஷேர்புரூக்குக்குத் தெற்கே இடைச்செருகல் என ஐயுறத்தக்க மூன்று கோடுகள், ஒரே படி, பார்வையிட மாமியின் கைப்பையை அணுகுக. சிதைந்த மூலையில்தான் இலவசத் தரிப்பிடம் இருந்தது என்று அத்தான் இன்றும் சாதிக்கிறார். கிடைக்காத நூல்களில் எல்லாம் இருந்தது என்னும் நம் மரபுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்புவது கியூபெக்கில் 2003இல் அனுமதிக்கப்பட்டும் மொன்றியல் தீவில் இன்றும் கூடாது என்பதையும், ஸ்காபரோ விருந்தினரை ஷேர்புரூக் சந்தியில் கார் மூக்கை நீட்டி நீட்டி நிற்பதைக் கொண்டே இனங்காணலாம் என்பதையும் சுருங்கக் கூறி அமைகிறோம்.

முடிவு சற்று எதிர்பாராதது. என்.டி.ஜி.யின் உள்வீதியொன்றில், மூன்று தகடுகளும் ஒருசேர அனுமதிக்கும் இடம் ஒன்று கிடைத்துவிட்டால், அதை விட்டு எவரும் நகர்வதில்லை. "எடுத்தா பிறகு கிடையாது" (சித்தப்பா, சின்ன மாமி, பெரிய மாமி, பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர், சைகையில்). எஞ்சிய ஒன்றரை நாளும் நடைதூரத்துக்குள் அடங்கும்: மொங்லண்ட் வீதியில் ஒரு கோப்பி, பூங்காவில் புட்டும் மீன் குழம்பும், கூடத்தில் ஊர்க்கதை. வில்லா மரியா மெட்ரோ நிலையம் பக்கத்தில்தானே என்று கேட்போர், கார் வைத்திருப்போரின் மானத்தை அறியாதவர்.

இம்முறையைக் குறைகூற உலகத் தமிழ் மாநாடுகளுக்குப் போய்வந்தோருக்கு உரிமையில்லை. 1966இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019இல் சிகாகோவும் கண்ட மரபு அது. கட்டுரை படிக்கப் பத்து நிமிடமும் ஊர் பார்க்க நான்கு நாளும் என்ற விகிதத்தை வகுத்தவர்கள் அவர்களே. பார்க்கிங் கவலைகூட அவர்களுக்கு இல்லை, பஸ் விடுகிறார்கள்.

பனி அள்ளும் வண்டி வருமுன் சைரன் ஊதி, நிற்கும் கார்களை இழுத்துச் செல்லும் குளிர்காலப் பகுதி இங்கு விடப்பட்டுள்ளது. நல்கை கிடைப்பின் எழுதப்படும்.

நன்றியுரை: இவ்வாய்வை நெறிப்படுத்திய சித்தப்பாவுக்கு. இந்த வரியை எழுதும்போது அவர் கீழே காருக்குள் இருக்கிறார். முன்னுக்கு நிற்கிற நீலக் காரை எடுக்கப் போகிறார்களாம், அந்த இடத்தில் தகடே இல்லையாம்.