புழுவுக்கு ஒரு கதிரை கொடுங்கள்

கறுப்புச் சிப்பாய் ஈ என்று ஒன்று உண்டு. சிப்பாய் என்றதும் திருகோணமலைக்காரர் திடுக்கிட வேண்டாம். இது காணி பிடிக்காது. வளர்ந்தபின் தின்னாது, ஒரு கிழமை பறக்கும், சோடி சேரும், சுமார் 500 முட்டை இடும், செத்துவிடும். தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான். கலியாண வீட்டுச் சஹனில் மிஞ்சிய சோறு, மீன் குடல், இறால் தலை, ஆலைத் தவிடு, எதையும் தட்டாது. புழு தின்கிற வாளிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம். இரண்டு கிழமையில் சோறும் குடலும் கறுத்த மண்ணாகிவிடும். அது பயிருக்குப் பசளை. கொழுத்த புழுவைக் காயவைத்தால் நூற்றுக்கு 40 பங்கு வரை புரதம். அது கோழிக்குத் தீன்.

இந்தப் புழுவை 2017இல் வளர்ப்பு மீனுக்குப் போடலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. அதே 2017இல் கிண்ணியாவில் நாங்கள் டெங்குக்கு ஆட்களைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் புதைந்தார்கள்.

2021இல் கோழிக்கும் போடலாம் என்றார்கள் அங்கே. இங்கே அந்த வருடம் ஒரே இரவில் எல்லோரும் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்று கட்டளை பிறந்தது. ஊர் ஊராக அழுகிய சோறு கிடக்க, பசளை சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. அதில் கெட்ட பக்டீரியா என்று இறக்காமல் திருப்பினார்கள். இறக்காத அந்தப் பசளைக்கு 67 இலட்சம் டொலரும் கட்டினார்கள். பிறகு டொலர் தீர்ந்தது, சோளன் வரவில்லை, கோழிப்பண்ணைகள் மூடின. 2023இல் முட்டையே இந்தியாவிலிருந்து வந்தது. இவ்வளவுக்கும் ஒரு புழுவைக் கேட்டிருக்கலாம்.

இனி கேட்பார்கள். நட்சத்திர ஹோட்டலில் ஒரு நாள் கருத்தரங்கு வைத்து, மத்தியானம் மிஞ்சிய பிரியாணியைப் பின்பக்கமாகக் கொட்டுவார்கள். 'புழுக் கிராமம்' என்று மூன்று மொழியில் பெயர்ப்பலகை. தமிழில் 'பழுக் கிராமம்' என்று இருக்கும். புழு வருவதற்கு முன்னமே அதற்கொரு தவிசாளர் வந்துவிடுவார்.

ஆனால் புழுவுக்கு ஒரு பிடிவாதம்: பிளாஸ்டிக் தின்னாது. குப்பையைப் பிரித்துக் கொடுக்கவேண்டும். எங்கள் பெண்கள் சோற்றை ஒரு வாளியிலும் போத்தலை ஒரு வாளியிலும் போட்டுத்தான் வைக்கிறார்கள். சபையின் உழவு மெசின் வந்து இரண்டையும் ஒரே பெட்டியில் கவிழ்த்துக்கொண்டு போகிறது.

அழுக்குத் தின்ற கோழி ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட கோழியை மூன்று நாள் அடைத்து, நல்ல தீன் போட்டு அறுப்பது நம்மிடம் உள்ள வழக்கம்தான். அடைக்கவேண்டிய வேறு ஆட்களை ஒருவரும் ஒரு நாள்கூட அடைப்பதில்லை.

முற்றிய புழு தானாகவே தின்பதை நிறுத்திவிடும். கறுத்து, காய்ந்த இடம் தேடிப் புறப்படும். பதவி நீடிப்புக் கேட்காது. தொட்டியோரம் சாய்வாக ஒரு பலகை வைத்தால் போதும், அதில் ஊர்ந்து ஏறி அந்தப் பக்கம் இருக்கிற வாளிக்குள் போய்ச் சேரும். பலகை ஆடாமல் இருக்கவேண்டும் என்பது புழு வளர்க்கிறவனுக்குத் தெரியும். ஆணி அடித்து இறுக்கித்தான் வைப்பான்.

கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை உடைத்தார்கள். புதியதைக் கட்டி முடிக்கவில்லை. படகின்மேல் பலகை அடித்து, அதற்குப் 'பாதை' என்று பெயர் வைத்து, 2021 நவம்பர் 23 காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதில் ஏற்றினார்கள். அது கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு ஜனாஸா. அதில் நாலு பிள்ளைகள்.