கேள்வி கேட்காத டாக்டர் தேவை

சுகாதாரத் துறைக்கு ஒரு விண்ணப்பம். புதுக்கோட்டை மாவட்டத்து டாக்டர்கள் நோயாளியிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று உடனே சுற்றறிக்கை விட வேண்டும். காய்ச்சலா, பாராசிட்டமால். வயிற்றுப்போக்கா, உப்புக் கரைசல் பொட்டலம். அடுத்த ஆள்.

வாய் திறந்ததால் வந்த வினையைப் பாருங்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயல் பட்டியலினக் குடியிருப்புப் பிள்ளைகள் காய்ச்சல், வாந்தி, பேதி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கலாம். குடிக்கிற தண்ணியைப் பாருங்கள் என்று சொல்லித் தொலைத்தார்கள் டாக்டர்கள். 26ஆம் தேதி இளைஞர்கள் தொட்டிமேல் ஏறினார்கள். 10,000 லிட்டர் குடிநீர்த் தொட்டிக்குள் மனித மலம்.

அதோடு விட்டதா? கலெக்டரும் எஸ்.பி.யும் ஊருக்குள் வர, டீக்கடையின் இரட்டைக் குவளை வெளியே வந்தது. அய்யனார் கோயிலுக்குள் யாரை விடுவதில்லை என்பதும் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த ஊர் கௌரவம், பேதிக்கு வந்த பிள்ளையால் போயிற்று!

பிறகு அரசாங்கம் தன் பாணியில் வைத்தியம் பார்த்தது. சி.பி.சி.ஐ.டி. வந்தது. டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊர் எல்லையில் போலீஸ் நின்றது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மீது. அந்த மக்கள் ஏற்கவில்லை.

அந்தத் தண்ணியில் உலை வைத்தவளிடம், “ராத்திரி தூக்கம் வருதாம்மா? தம்ளரை எடுத்தாலே குமட்டுதா?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு எத்தனை பணியிடம் ஒதுக்கினீர்கள்? ஓ, மறந்துவிட்டேன். அதே 2022இன் அக்டோபரில்தான் 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை தொடங்கியது. நட்புக்குப் போன் போடலாம். குடிதண்ணியில் மலம் போட்டது யார் என்று கேட்க எந்த எண்ணை அழுத்த வேண்டும்?

கேள்வி கேட்கிற டாக்டர் என்ற இந்த நோய் இந்த மண்ணில் பழசு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நாடி பிடிப்பதோடு நின்றாரா? தேவதாசி முறையை ஒழி என்று சட்ட மேலவை வரை போய் நின்றார். அவர் பேரில் மகப்பேறு உதவித் திட்டம் நடக்கிறது. பேர் இருக்கட்டும், பழக்கம்தான் ஆகாது.

சுற்றறிக்கை வந்ததும் வேங்கைவயலிலும் ஒன்று ஒட்டிவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்குப் பேதியில் கிடந்தவர்கள்தான்.