கிராணி எழுதாத கணக்கு

நாட்டுக்கு நாடு விளைச்சலை ஒப்பிட்டால், கித்தா என்னும் ரப்பர் மரத்தைப்போல் பிறந்த வீட்டின் மானத்தை வாங்கிய பயிர் வேறில்லை. பிறந்த வீடு பிரேசில். 1876இல் ஹென்றி விக்கம் அங்கிருந்து 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்கு அள்ளிக்கொண்டு போனார். முளைத்தது மூவாயிரம்கூட இல்லை. ஆனாலும் பின்னாளில் ‘சர்’ பட்டம் கிடைத்தது. தோட்டத்தில் நம்மாள் ஒரு கட்டி ஒட்டுப்பாலை மடியில் கட்டினால் மட்டும் அது திருட்டு.

மறு வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் அங்கே பூங்கா அதிகாரியாக வந்த ரிட்லி, “கித்தா போடுங்கள்” என்று மலாயாவின் காப்பித் தோட்டத் துரைகளிடம் கெஞ்சினார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வைத்தார்கள். காப்பி விலை விழுந்ததும் பைத்தியம் ஞானியாகிவிட்டது.

பிரேசில் காட்டில் மரம் எட்ட எட்ட நிற்கும். நெருக்கி நட்டால் இலை நோய் வரும். மோட்டார் மன்னர் ஃபோர்டு அமேசானில் தன் பெயரில் ஊரே கட்டி நட்டுப் பார்த்தார். பூஞ்சைக்கு அவர் யாரென்று தெரியவில்லை. 1945இல் கம்பெனி எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் தள்ளிவிட்டு நடையைக் கட்டியது.

அந்த நோய் மலாயாவுக்கு வரவில்லை. ஏக்கருக்கு 400, 500 பவுண்டு கொடுத்த மரங்களைப் பார்த்துத் துரை மீசையை முறுக்கினார். 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. அங்கே ஜாதகம் பார்த்து ஒட்டுக் கட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்கள் விளைச்சலை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றின. எல்லாம் ஏக்கர் கணக்கு. இருட்டோடு பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நிறை நிறையாய் மரம் வெட்டிப் பாலெடுத்த ஆளுக்கு என்ன விளைந்தது என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதியதில்லை.

1941இல் கிள்ளான் தோட்டத்து ஆட்களே அந்தக் கணக்கைக் கேட்டார்கள். சீனருக்குச் சமமாகக் கூலி கொடு, கள்ளுக்கடையை மூடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே! பதிலாக வந்தது பட்டாளம். தலைவர் ஆர்.எச். நாதனை இந்தியாவுக்கே கப்பலேற்றினார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2000களில் ரப்பர் விளைச்சலில் ஹெக்டேருக்கு 1,800 கிலோவைத் தாண்டி மலேசியாவை முந்தியது இந்தியா. அதில் பெரும்பங்கு கேரளத்தின் சிறு தோட்டங்களுடையது. இங்கே நம் பாலை நிறுத்துத் தள்ளுபடி போட்ட கிராணிமாரில் பாதிப் பேர் எந்த ஊர்க்காரர்கள் என்று நினைக்கிறீர்கள்?

இங்கே மலேசியாவில், சுங்கை வே போன்ற ஊரில் இப்போது ரப்பர் மரத்தின் பேச்சே இல்லை. கள்ளுக்கடையை மூடச் சொன்ன ஜில்லாவில், ஒரு மணி பார்லியும் விளையாத அந்த ஊரில், 1965இல் கின்னஸ் ஆலை வந்தது. 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்ததும் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஃபேக்டரி பஸ் ஏறி சிப்பு ஒட்டப் போனார்கள். ஏக்கருக்கு எத்தனை கோடி என்று அங்கேயும் கணக்கு உண்டு. ஆள் கணக்கு மட்டும் இன்னும் கிராணி கையில்தான். அவருக்கு இப்போது எச்.ஆர். என்று பெயர்.