கொஞ்சம் கேப் விடுங்க!

கே: ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். கிளட்ச் பெடலே கிடையாது. மெக்கானிக் ‘கிளட்ச் போச்சு’ என்கிறாரே, காது குத்துகிறாரா? – திண்டிவனம் வாசகர்

ப: பெடல்தான் இல்லை. கிளட்ச், ஒன்றுக்கு மூன்றாய் நாலாய் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பிரிக்‌ஷன் பிளேட், ஸ்டீல் பிளேட் என்று மாற்றி மாற்றி அடுக்கு. எண்ணெய் அழுத்தத்தில் பிஸ்டன் வந்து அமுக்கும். மெக்கானிக் யோக்கியர். பில் வந்ததும் மறுபடி எழுதுங்கள்.

கே: அந்த அடுக்கில் எவ்வளவு கேப் விடணும், மாமா? – செஞ்சி

ப: சர்வீஸ் மேனுவல் சொல்கிற அளவு. அது கிடைக்காத ஷெட்டில், பிரிக்‌ஷன் பிளேட் ஒன்றுக்குக் கால் மில்லிமீட்டர் என்பது வாய்ப்பாடு. நாலு பிளேட்டுக்கு 1 மில்லி. மேனுவல் மாற்றிச் சொன்னால் மாமாவை மறந்துவிடுங்கள்.

கே: இறுக்கமாக வைத்தால் உறுதிதானே? – வல்லம்

ப: பிடியை விட்ட பிறகும் பிளேட்டுகள் உரசிக்கொண்டே சுற்றும், எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வரும். தளர்த்தி விட்டாலோ பிஸ்டன் நெடுந்தூரம் நடக்கணும். ‘டி’ போட்டால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு ‘டமார்’ என்று உதைத்துக் கிளம்பும். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவும் பாலமும் பார்த்திருப்பீர்களே? பிளவு இல்லாவிட்டால் பகைவன் உள்ளே. பாலம் எட்டாவிட்டால் ராஜாவே வெளியே!

கே: அளப்பது எப்படி? – அவலூர்ப்பேட்டை

ப: பிரிக்‌ஷன் பிளேட்டுகளை முதலில் ஏ.டி.எஃப். என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில் அரை மணியாவது ஊறப் போடுங்கள். அடுக்கி, ஸ்னாப் ரிங் மாட்டி, ரிங்குக்கும் மேல் பிளேட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ். ஒரே இடத்தில் விட்டுப் பார்த்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள். எதிரெதிரே இரண்டு மூன்று இடம். அடுக்கில் நெளி பிளேட் இருந்தால் அதை நசுக்காமல் அளக்கணும். கடைசியில் காற்று அடித்தால் பிஸ்டன் ‘தொப்’ என்று பதில் சொல்லும். ‘உஸ்ஸ்’ என்றால் சீல் போச்சு. உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு.

கே: கேப் அதிகம் வருகிறது. இன்னொரு பிளேட் சொருகலாமா? – செஞ்சி

ப: பௌர்ணமியன்று திருவண்ணாமலை பஸ் கண்டக்டர்தான் அப்படிச் சொருகுவார். பல கனங்களில் ஸ்னாப் ரிங்கும் ஸ்டீல் பிளேட்டும் விற்பது இதற்காகத்தான்.

கே: துடைக்க பனியன் வேஸ்ட்?

ப: திருப்பூருக்கு நன்றி, வேண்டாம். ஒரு நூல் பிசிறு வால்வு பாடியில் சிக்கினால் எல்லாம் முதலிலிருந்து. பாகங்களை ஒட்டவைத்து மாட்டக் கிரீஸும் கூடாது, வாசலின் தடவுங்கள், எண்ணெயில் கரைந்துவிடும்.

கே: இந்தத் தலைவலியை யார் ஆரம்பித்தது?

ப: ஜெனரல் மோட்டார்ஸ். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ‘ஹைட்ராமேட்டிக்’. பிறகு அமெரிக்க டாங்கியிலும் ஏறியது. ஹிட்லரிடம் பிழைத்தது, அரைகுறை மெக்கானிக்கிடம் தோற்றது.

கே: ஏ.எம்.டி. காருக்கும் இதே கணக்கா? – மேல்மலையனூர்

ப: இல்லை. 2014-ல் மாருதி செலெரியோ கொண்டுவந்தது சாதா கியர்பாக்ஸ்தான்; உங்கள் காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் மிதிக்கிறது. எண்ணெயில் ஊறாத ஒற்றை பிளேட். உங்கள் ஊர்க் கோயில் அமாவாசை நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அருள் உங்களுக்கு, சாம்பல் கிளட்சுக்கு.

கே: கார் ஒரு மாதமாக ஷெட்டில் கிடக்கிறது. பொறுமைக்கு ஓர் எல்லை இல்லையா? – செஞ்சி

ப: 1690-ல் முற்றுகையிட்ட முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான், 1698-ல்தான் உங்கள் ஊர்க் கோட்டையைப் பிடித்தார். உள்ளே போய்ப் பார்த்தால், பிடிக்க வந்த மராட்டிய மன்னர் ராஜாராம் இல்லை! எதற்கும் ஒரு நடை போய், கார் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.