கதவு தட்டல்: ஒரு சாஸ்திர விசாரணை

மனிதன் வேலைக்குச் செல்லுதலும், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புதலும் உலகத்து உத்தியோகங்கள் அனைத்துக்கும் பொதுவான லட்சணங்கள் என்று இதுகாறும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆனால் இவ்விரண்டு வினைகளும் நிகழ்வதற்கு இடமே இல்லாததொரு உத்தியோகம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழக விடுதிகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது என்பதும், அதனை வகிப்போர் பெரும்பாலும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு பிராயத்து முதுகலை மாணவர்களே என்பதும், அவ்வுத்தியோகத்தின் சூட்சுமங்கள் அனைத்தும் கதவு தட்டுதல் என்னும் ஒரே வினைக்குள் அடங்கி நிற்கின்றன என்பதும் நம் பண்டிதர்களின் கவனத்தை ஈர்த்ததாகத் தெரியவில்லை. அக்குறையைத் தீர்க்கும் பொருட்டே, சில காலம் அவ்வுத்தியோகத்தை வகித்தவன் என்ற ஒரே தகுதியை முன்னிட்டு, இவ்விசாரணையில் துணிந்து இறங்குகிறேன்.

இவ்வுத்தியோகஸ்தனுக்குக் கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்பது பட்டயப் பெயர், விடுதிவாசிகள் ஜி.ஏ. என்பர். மாடிக்கு ஒருவரோ இருவரோ ஆக அமர்த்தப்பட்டிருக்கும் ஆர்.ஏ. என்னும் இளங்கலை மாணவ உதவியாளர்களை மேய்ப்பது அவன் கடமை. தரைத்தளத்தில், வாசற்கூடத்துக்கு அருகே, அடுக்களையுடன் கூடிய ஒரு சிறு ஜாகை, உணவு அட்டை, படிப்புக் கட்டண விலக்கு, கைச்செலவுக்குச் சிறு தொகை ஆகியவை ஊதியம். அவற்றுள் ஜாகையே பிரதானம். அந்நாட்டு வருமானவரிச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு, வேலை செய்யும் இடத்திலேயே, வேலையின் நிபந்தனையாக, முதலாளியின் சௌகரியத்தின் பொருட்டு அளிக்கப்படும் உறைவிடத்தை வருமானமாகக் கொள்ள வேண்டுவதில்லை என்று விதிக்கிறது. யாருடைய சௌகரியத்தின் பொருட்டு என்பதை இத்துணை ஐயந்திரிபற மொழிந்த சட்டம் பிறிதொன்றை நான் கண்டதில்லை. அதை வரைந்தவர் விடுதியின் தரைத்தளத்தில் ஓர் இரவேனும் படுத்திருக்கவேண்டும் என்பது என் அனுமானம்.

சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். ஆக்ஸ்போர்டு போன்ற பழைய ஸ்தலங்களில் மதிலும் பெருவாயிலும் உண்டு. அங்கே கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் டாம் என்னும் பெருமணி இன்றும் இரவு 9 மணி 5 நிமிஷத்துக்கு 101 முறை ஒலிக்கிறது, முற்காலத்தில் அது கதவடைப்பின் அறிகுறி. வெளிவாயில் ஒன்றை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவன் உள்ளே, வெளியே இருப்பவன் மதிலேற வேண்டியவன் என்று விவகாரம் எளிதில் தீர்ந்தது. அமெரிக்கர் விடுதியை எடுத்துக்கொண்டார்கள். மதிலைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான ஹென்றி டாப்பன், ஜெர்மானிய முறையைப் பின்பற்றி, மாணவர் உறங்குமிடம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பன்று என்று கருதி விடுதி அறைகளை வகுப்பறைகளாக மாற்றினார். அம்மகானின் கருத்து வென்றிருக்குமாயின் இக்கட்டுரைக்கு விஷயமே இராது. ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்து கல்லூரிகளில் கூட்டம் பெருகவும், 1950-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் விடுதி கட்டுவதற்குக் கடன் வழங்கவும், நாடெங்கும் கோபுரங்கள் எழுந்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்திலே, தென்மேற்குப் பகுதியில் மட்டும், 22 மாடி கொண்ட ஐந்து கோபுரங்கள் நிற்கின்றன. ஒரே வாயிலை அடைத்துக் காத்த பேராசிரியர்களால் ஆயிரக்கணக்கான கதவுகளைக் காக்க இயலாது. அதற்குச் சம்பளம் குறைந்தவனும், நித்திரை குறைந்தவனும், படிப்பு முடியும் மட்டும் ஓடிப்போக இயலாதவனுமான ஒருவன் தேவைப்பட்டான்.

இனி, பிறர் கதவைத் தட்டும் அதிகாரம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினா எழும். இதற்கு விடைதேடிச் சட்ட நூல்களுக்குள் புகுவோர் எதிர்பாராத வகையில் உணவுக்கடைகளுக்குள் சென்று சேருகிறார்கள். கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி, தன் மாணவர் வெளிக்கடைகளில் உண்ணலாகாது என்று தடுத்தது. எதிரே கடை வைத்திருந்தவர் வியாபாரம் கெட்டதென்று வழக்கிட்டார். 1913-இல் நீதிமன்றம் கல்லூரியானது பெற்றோர் ஸ்தானத்தில் நிற்கிறதென்றும், பிள்ளைகள் எங்கே உண்ணலாமென்று விதிக்கப் பெற்றோருக்குள்ள உரிமை அதற்கும் உண்டென்றும் தீர்ப்பளித்தது. இதற்கு மறுதலையான தீர்ப்பும் உணவு மேடையருகேதான் பிறந்தது. 1960-இல் மாண்ட்கோமரி நகரத்து நீதிமன்றக் கட்டடத்தின் சிற்றுண்டிக் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இடத்தில், அலபாமா அரசுக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் சென்று அமர்ந்தார்கள். விசாரணை ஏதுமின்றி அவர்களுள் சிலர் நீக்கப்பட்டார்கள். 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றம் இன்னதென்று அறிவிக்காமலும், மாணவன் சொல்வதைக் கேளாமலும் அரசுக் கல்லூரி எவரையும் நீக்கலாகாது என்று விதித்தது. அம்மாணவர்களின் துணிவை இத்தகைய வேடிக்கைக் கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லிச் செல்வது நியாயமன்று என்பதை உணர்ந்தே சொல்லுகிறேன்: விடுதி உதவியாளன் இன்று கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்கிறானேயன்றித் தள்ளித் திறந்துகொண்டு நுழைவதில்லை என்றால், அந்த மரியாதை வளர்ந்த வழியில் அவர்களும் நிற்கிறார்கள்.

தட்டும் முறை ஆகஸ்டு மாதத்தில், மாணவர் வந்து சேருமுன், பிஹைண்ட் க்ளோஸ்டு டோர்ஸ் என்னும் ஒரு நாடகத்தின் வாயிலாகக் கற்பிக்கப்படுகிறது. பழைய உதவியாளர்கள் காலி அறைகளுக்குள் புகுந்துகொண்டு குடியர்களாகவும், அறைத்தோழனோடு சண்டையிடுவோராகவும், வாழ்வில் சலித்து அழுவோராகவும் அபிநயிக்க, புதியவன் வெளியே நின்று தட்டவேண்டும். முந்தைய ஆண்டு முழுவதும் பிறரிடம் வாங்கிய ஏச்சையெல்லாம் திருப்பிக் கொடுக்கக் கிட்டிய ஒரே அரங்கம் அதுவாகையால், பழையவர்களின் ரௌத்திர ரசம் தத்ரூபமாக அமையும். கதவுக்கு நேரெதிரே நில்லாமல் சற்று ஒதுங்கி நிற்றல், மும்முறை தட்டுதல், பெயரையும் பதவியையும் உரக்கச் சொல்லுதல், பொறுத்தல், மீண்டும் தட்டுதல் என்று முறை விரிகிறது.

இவற்றுள் பொறுத்தல் என்னும் அங்கமே ஆராய்ச்சிக்கு உரியது. முதற்தட்டலுக்கும் கதவு திறப்பதற்கும் இடைப்பட்ட அவகாசத்தில் உள்ளே நிகழும் ஓசைகளைப் பகுத்தறியும் திறன் ஒரு பருவம் கழியுமுன் கைவந்துவிடும்: கண்ணாடிப் புட்டிகள் ஒன்றோடொன்று உராய்தல், சன்னல் எழும்புதல், சிறு குளிர்ப்பெட்டியின் கதவு மூடுதல், ஒருவன் மற்றவர்களை ‘உஷ்’ என்று அதட்டுதல், அவ்வதட்டலே மற்றெல்லா ஓசையிலும் பெரிதாயிருத்தல். 1984-ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து அந்நாடெங்கும் மதுவுக்கு உரிய பிராயம் இருபத்தொன்றாகிவிட்டது. விடுதிவாசிகளோ பதினெட்டு, பத்தொன்பது. ஆகவே இருபது பேர் இருக்கும் அறையில் திடீரென நிலவும் மௌனத்தைக் காட்டிலும் வலிய சாட்சியம் வேறில்லை.

ஆயினும் அம்மௌனத்தை அறிக்கையில் எழுதுவதற்கில்லை. அறிக்கை என்பது பிரத்தியட்சப் பிரமாணம் ஒன்றையே ஒப்புக்கொள்ளும் கறாரான சாஸ்திரம். கண்ட குவளை, எண்ணிய புட்டி, மூக்குக்கு எட்டிய வாடை இவற்றையன்றி, குடித்திருந்தான் என்று எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையால் அடித்துவிடுவார். கண்கள் சிவந்திருந்தன, சொற்கள் குழறின, சுவரைப் பற்றிக்கொண்டு நின்றான் என்றே எழுதவேண்டும். முடிவு, வாசிப்பவரின் பாக்கியம். மூடிய இழுப்பறையையும் குளிர்ப்பெட்டியையும் அவனாகத் திறந்து பார்க்கலாகாது என்பதும் பொது நியமம். இந்நியமத்தை மாணவர்கள் விதிப்புத்தகத்தின் மற்றெந்தப் பகுதியையும் விடக் கவனமாகப் பாராயணம் செய்திருக்கிறார்கள்.

அனுமானப் பிரமாணத்துக்கோ விடுதியில் கதி இன்னும் மோசம். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையிற் கண்டபடி என்பது நம் தார்க்கிகர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட உதாரணம். மணிமேகலையும் தன் இருபத்தொன்பதாவது காதையில் புகையையும் நெருப்பையும் கொண்டே தருக்கம் பேசுகிறது. அவர்கள் அறியாதது மைக்ரோவேவ் பாப்கார்ன். இரண்டரை நிமிஷத்தில் எடுக்கவேண்டிய பொட்டலத்தைத் துணி துவைக்கப் போன கவனத்தில் ஐந்து நிமிஷத்துக்கு வைத்துவிட்டவன் கட்டடம் முழுவதையும் நள்ளிரவுப் பனியில் நிறுத்திவிடுகிறான், நெருப்பே இல்லை. குளியலறைக் கதவைத் திறந்துவிட்ட நீராவிக்கும், தலைமயிருக்கு அடிக்கும் வாசனைத் தைலத்துக்கும் கூரையிலுள்ள புகையறியும் கருவி அவ்வாறே அலறும். காற்றில் மிதக்கும் நுண்துகள் ஒளியைச் சிதறடித்தால் அது புகையென்றே அதன் சித்தாந்தம். தன் ஜாகையில் கடுகு தாளிக்க விரும்பும் தமிழ் ஜி.ஏ. ஜனவரி மாதத்திலும் சன்னலைத் திறந்துவைத்து, மேற்சட்டையும் குல்லாயும் அணிந்து நின்று தாளிக்கும் சம்பிரதாயம் இதிலிருந்தே உண்டாயிற்று.

மணி ஒலித்தவுடன் இது பாப்கார்ன்தான் என்று மாணவன் அனுமானிக்கிறான், போர்வையை இழுத்துக்கொள்கிறான். உதவியாளனுக்கு அந்த அனுமானம் விலக்கப்பட்டிருக்கிறது. நியூ ஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்து விடுதியொன்றில் அடிக்கடி பொய்யாக ஒலித்துவந்த மணி 2000-ஆம் ஆண்டு ஜனவரி 19 அதிகாலையில் மெய்யாக ஒலித்தபோது, அதுவும் பொய்யென்றே பலர் நினைத்தார்கள். மூன்று மாணவர் மாண்டனர். அவ்வாண்டே அம்மாநிலம் விடுதிகளில் தானியங்கி நீர்த்தெளிப்பான் வைக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. ஆகையால், வெளியேறும் வழியில் உள்ள கதவுகளையெல்லாம் ஓங்கித் தட்டிக்கொண்டே இறங்குபவன் முட்டாளென்று கருதப்படுவதற்கும் சம்மதித்தே தட்டுகிறான். அவன் தட்டல்களுள் பெயரும் பதவியும் சொல்லிக் காத்து நிற்க வேண்டாதது இது ஒன்றே.

இதுவரை சொன்னது அவன் பிறர் கதவைத் தட்டுதல். பிறர் அவன் கதவைத் தட்டுதல் இதனினும் நுட்பமான துறை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவனின் தட்டல் விரைவானது, வெட்கமற்றது. குளித்துவிட்டுத் துண்டோடு நிற்பவனாயின் இன்னும் விரைவு கூடும். அறைத்தோழர்கள் தகராறில் இருவரும் தனித்தனியே வந்து தட்டுவார்கள். பருவத் தொடக்கத்தில் அவ்விருவரும் மனமுவந்து கையொப்பமிட்ட உடன்படிக்கையை எடுத்து வாசித்துக் காட்டினால், அதில் எழுதியிருப்பதைக் கேட்டு இருவருமே ஆச்சரியப்படுவார்கள். மென்மையாக, இரண்டே தட்டாக, தட்டிவிட்டுப் போய்விடலாமா என்று யோசிப்பதுபோல் வரும் தட்டல் ஒன்று உண்டு. அக்டோபர் மாதத்தில், வெயில் குறைந்து முதற்பரீட்சை மதிப்பெண்கள் வந்தபின், அது மிகும். திறந்தால், ஸ்டேப்ளர் இருக்குமா என்று கேட்பார்கள். தைக்கவேண்டிய தாள் கையில் இராது. ஸ்டேப்ளரைக் கொடுத்து அனுப்பிவிடுபவன் இவ்வுத்தியோகத்துக்கு லாயக்கற்றவன். எங்கே வைத்தேனென்று தெரியவில்லை, தேடும்வரை உட்கார் என்று சொல்லி மேசைமேல் இருப்பதையே தேடத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். அதன்பின் அப்பையன் வீட்டு நாயைப் பற்றியும், உணவுக்கூடத்தில் யாருடன் உட்காருவதென்று தெரியாமல் அறைக்கே எடுத்துவந்து உண்பதைப் பற்றியும் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரமாகும். இத்தருணத்திலும் சட்டம் வந்து நடுவில் அமர்கிறது: 1972-ஆம் ஆண்டின் டைட்டில் நைன் விதிகளை ஒட்டிப் பல்கலைக்கழகங்கள் வகுத்துள்ள முறைப்படி, சிலவகைக் கொடுமைகளைக் கேள்விப்பட்டால் அவன் மேலிடத்துக்கு அறிவித்தே ஆகவேண்டும், ஆதலின், மனம் திறக்கப் போகிறவரை இடைமறித்து, நீ சொல்வதை என்னால் ரகசியமாக வைத்திருக்க இயலாமற் போகலாம் என்று முதலிலேயே எச்சரிக்கக் கடமைப்பட்டவன் அவன். நியாயமான விதிதான், ஆனால் அச்சொற்களைச் சொல்லும்போது எதிரில் உள்ள முகத்தைப் பார்ப்பது எளிதன்று.

பெற்றோர் ஸ்தானம் என்று 1913-இல் தொடங்கிய சித்தாந்தம் மெய்யான பெற்றோரை எங்கே கொண்டு நிறுத்தியிருக்கிறது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம். கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மையார், மகனின் விடுதியில் தமிழ்ப்பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்று எப்படியோ விசாரித்தறிந்து என்னை அழைத்தார். “தம்பி, அவன் நேரத்துக்குச் சாப்பிடுறானான்னு மட்டும் சொல்லுப்பா, வேற ஒண்ணும் கேக்கலை” என்றார். மாணவர் பதிவேடுகளை அவரது இசைவின்றி வெளியிடலாகாது என்பது 1974-ஆம் ஆண்டுச் சட்டம். விடுதி அலுவலகங்களோ அச்சட்டத்தை அதன் அளவுக்கு மேலும் நீட்டி இழுத்துப் போர்த்திக்கொள்ளும் சுபாவமுடையவை. “அம்மா, நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போறப்பல்லாம் அங்க கூட்டமாத்தான் இருக்கும்மா” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “சரிப்பா, புரிஞ்சுது” என்றார். எது புரிந்தது என்று நான் கேட்கவில்லை.

மீன்களைப் பற்றியும் ஒரு சொல். பல விடுதிகளில் நாயும் பூனையும் ஆகா. 10 காலன் தொட்டிக்குள் அடங்கும் மீன் ஆகும். ஆமை மீனாகுமா என்ற பிரச்சினையை முன்னிட்டுச் சில விதிப்புத்தகங்கள் நீருக்கு வெளியே உயிர்தரிக்கக்கூடிய பிராணி எதுவும் கூடாது என்று திருத்தி எழுதின. அவ்விதியின்படி ஜி.ஏ.யும் கூடாதவனே.

எஞ்சியிருப்பது கால நிர்ணயம். இந்நாட்டிலிருந்து எஃப்-1 விசாவில் சென்ற மாணவன் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்யலாகாது என்பது விதி. முறைநாளில் அவன் தலையணைக்கு அருகே பணித்தொலைபேசி உறங்குகிறது. அது விழித்தால் அவனும் விழிக்கவேண்டும். அது விழிக்காத இரவில் அவன் உறங்கியது வேலையா, ஓய்வா? வேலையெனின் இரண்டே இரவுகளில் வாரக்கணக்கில் பெரும்பகுதி தீர்ந்து, புதன்கிழமைக்குமேல் அவன் சட்டவிரோதி. ஓய்வெனின் அவ்விரவில் ஊருக்குப் போய்வர அவனுக்கு அனுமதி இருக்கவேண்டும், அதுவும் இல்லை. ஆம்ஹர்ஸ்ட் வளாகத்து ஆர்.ஏ.க்கள் 2002-இல் வாக்களித்துத் தொழிற்சங்கம் கண்டபோது, இத்தகைய வினாக்களைத் தத்துவத்திடமிருந்து பறித்துப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோனார்கள். சங்கம் காணாத இடத்தில் இருந்த நான், பூர்வபட்சம், சித்தாந்தம் இரண்டையும் ஒரு தாளில் வரைந்து மேலதிகாரியிடம் சமர்ப்பித்தேன். அவர் முழுவதும் வாசித்தார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று மெய்யாகவே பாராட்டினார். பிறகு நேர அட்டவணையைத் திருப்பி, வாரந்தோறும் ‘மொத்தம்’ என்னும் கட்டத்தில் 20 என்று முன்கூட்டியே அச்சிடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, கையொப்பம் மட்டும் போட்டால் போதும் என்றார்.